வீட்டில் எடுத்த இரத்த அழுத்தமும் மருத்துவரிடம் மறைக்கும் எண்களும்

சிங்கப்பூரில் இரத்த அழுத்தக் கருவியை வீட்டிலேயே வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் செய்யும் பெரிய தவறு, தமக்குப் பிடித்த எண்ணை மட்டும் குறித்துவைப்பதுதான். என் தாயார், 158/92 என்று வந்தால், "இப்போதுதானே ஈரச்சந்தையிலிருந்து வந்தேன், இது கணக்கில் சேராது" என்று ஒதுக்கிவிட்டு, நான்காம் முறை 134 வந்த பிறகே கைப்பேசியில் பதிவார். பலதுறை மருந்தகத்தில் (அரசாங்க பாலிகிளினிக்கில்) அந்தப் பதிவைப் பார்த்த மருத்துவர் மருந்தின் அளவை மாற்றவில்லை. அடுத்த தவணைக்குக் கருவியையே எடுத்துச் சென்றோம்; அதன் நினைவகத்தில் அவர் ஒதுக்கிய எண்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

சந்தையிலிருந்து வந்த உடனே அளந்ததும் தவறுதான். காப்பி குடித்தோ வேகமாக நடந்தோ அரை மணி நேரம் கடந்திருக்க வேண்டும்; முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டையும் குறிக்க வேண்டும். வீட்டில் எடுக்கும் அளவு தொடர்ந்து 135/85க்கு மேல் இருந்தால் அது மருத்துவர் அறிய வேண்டிய செய்தி.

2015இல் வந்த ஹெல்த்ஹப் என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் இரத்தப் பரிசோதனை முடிவை மருத்துவரைச் சந்திக்கும் முன்பே பார்க்க முடிகிறது. பார்ப்பது நல்லது. ஆனால் ஒரு நாள் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று மாத்திரையை நிறுத்துவதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்புக் கேட்பதும் வேண்டாம். இரத்தச் சர்க்கரையின் ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு எப்படி மாறியிருக்கிறது என்ற கேள்வியை எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போகலாம்.

2018இல் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளம் ஊடுருவப்பட்டு 1.5 மில்லியன் பேரின் விவரங்கள் திருடப்பட்டது முதல், இணையத்தில் மருத்துவப் பதிவு என்றாலே தயங்குவோர் உண்டு. தயக்கம் நியாயமானதே. வேடிக்கை என்னவென்றால், அவர்களில் சிலர்தாம் அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் கடவுச்சொல்லை நாட்காட்டியின் பின்புறம் எழுதி மாட்டிவைக்கிறார்கள். மகனோ மகளோ உதவ வேண்டுமென்றால், செயலியில் அவரைப் பராமரிப்பாளராகச் சேர்க்க வழியிருக்கும்போது கடவுச்சொல்லைக் கொடுப்பது எதற்கு?

2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்க நோய்த்தடுப்புத் திட்டத்தில், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் தமக்கென ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளலாம். பதிந்த பின்னும் காய்ச்சலுக்கு ஓரிடம், முட்டிவலிக்கு வேறிடம் என்று அலைந்தால், யாருக்கும் நம் உடம்பின் முழுக்கதை தெரியாமல் போகும்.

எல்லாம் கணினியில் இருக்கும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. ஊருக்குப் போனபோது வாங்கிவந்த மாத்திரையும், உறவினர் தந்த சூரணமும், கடையில் வாங்கிய வலி மாத்திரையும் தாமாக எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. அவற்றின் அட்டைகளைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்திருங்கள். முடியாதவர்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரின் மேசைமேல் வையுங்கள்.