அவசரநிலைப் பிரிவை ரோமக் குடியரசைக் கொண்டு வாசிப்பது எப்படி?

ஒரு நாட்டு அரசமைப்பின் அவசரநிலைப் பிரிவை ஆராய்பவர், அது எவ்வளவு அதிகாரம் தருகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒருவரையொருவர் தடுக்கவும் வல்ல இரு கான்சல்கள் ஆண்ட ரோமக் குடியரசே ஆபத்துக் காலத்தில் ஒருவரைச் சர்வாதிகாரி என்ற சட்டபூர்வமான தற்காலிகப் பதவியில் நியமித்துக்கொண்டது. அந்தப் பதவியின் கதை, அவசரநிலைப் பிரிவில் எவற்றைத் தேட வேண்டும் என்று காட்டுகிறது.

முதலில், அதிகாரம் எந்தப் பணிக்காகத் தரப்படுகிறது என்று பாருங்கள். கி.மு. 363இல் கொள்ளைநோய் தணிய வேண்டி, யூப்பிட்டர் கோயிலில் சடங்காக ஓர் ஆணி அடிப்பதற்கென்றே லூசியஸ் மான்லியஸ் சர்வாதிகாரியாக்கப்பட்டார். ஆணி அடிக்கவா சர்வாதிகாரி என்று சிரிக்கத் தோன்றலாம். ஆனால் அவர் அதோடு நில்லாமல் ஹெர்னிசியர் என்ற அண்டை இனத்தார்மீது போர் தொடுக்க ஆள் திரட்டியபோது, பொதுமக்களின் பிரதிநிதிகளான டிரிபியூன்கள் அனைவரும் எதிர்த்து நின்றதால் பதவி விலக நேர்ந்தது என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். கி.மு. 82இல் சர்வாதிகாரியான தளபதி சுல்லாவுக்கோ, சட்டங்கள் இயற்றிக் குடியரசைச் சீரமைக்கும் பணி தரப்பட்டது. அது எப்போது முடிந்தது என்று அவரைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. ஆகவே, ‘ஒழுங்கை நிலைநாட்ட’ என்பது போன்ற சொற்களைக் கண்டால் அடிக்கோடிடுங்கள். 1975இல் இந்தியாவில் அவசரநிலைக்குக் காரணம் காட்டப்பட்ட ‘உள்நாட்டுக் குழப்பம்’ அத்தகையதே. 1978இன் 44ஆவது திருத்தம் அதை நீக்கி ‘ஆயுதக் கிளர்ச்சி’ என்று வரையறுத்தது.

அடுத்து, காலவரம்பையும் அதை நீட்டிப்பவர் யார் என்பதையும் சேர்த்தே படியுங்கள். ரோமில் உச்சவரம்பு ஆறு மாதம். சுல்லாவுக்கு அந்த வரம்பு இல்லை, சீசருக்குக் கி.மு. 46இல் பத்தாண்டு, 44இல் ஆயுள் முழுதும் என்று அது கரைந்தது. இந்தியாவில் இன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறப்புப் பெரும்பான்மையோடு ஒப்புதல் அளித்தால்தான் அவசரநிலை நீடிக்கும். ஒப்புதல் தரும் அவை அரசுக்கு அஞ்சினால் இந்த ஏற்பாடும் பயன்படாது என்பதற்குச் சீசர் காலத்து ரோம ஆட்சி மன்றமான செனட்டே சான்று.

கடைசியாக, அவசரநிலைப் பிரிவோடு வாசிப்பை நிறுத்திவிடாதீர்கள். சீசர் கொல்லப்பட்டபின், அப்போது கான்சலாக இருந்த ஆண்டனி சர்வாதிகாரிப் பதவியையே சட்டத்தால் ஒழித்தார். ரோமின் முதல் பேரரசரான அகஸ்டஸ் அந்தப் பதவியை ஏற்கவில்லை, கி.மு. 23இல், டிரிபியூனாக இல்லாமலே டிரிபியூனின் அதிகாரத்தைப் பெற்று, பழைய பதவிகளின் உரிமைகளைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். எனவே தடுப்புக்காவல், தணிக்கை, பேரிடர் மேலாண்மை முதலிய சாதாரணச் சட்டங்களையும் எடுத்துவைத்து, அவை ஒரே அதிகாரியிடம் வந்து சேர்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.