ஏஜென்டின் நினைவுக் குறிப்புகளில் பொருள்வழித் தேடல்: அமைக்கும் முறை

ஏஐ ஏஜென்டுக்குப் பழைய குறிப்பு கிடைக்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் கைவைப்பது எம்பெடிங் மாடலில்தான், அதாவது உரையின் பொருளை வெக்டர் என்ற எண் வரிசையாக மாற்றும் மாடலில். பொருள் நெருங்கினால் வெக்டர்களும் நெருங்கும், அதை வைத்துத் தேடுவதுதான் பொருள்வழித் தேடல். கோளாறு அங்கே இருப்பது குறைவு. குறிப்பை எழுதிவைத்த விதத்திலேயே தேடல் பாதி தோற்றிருக்கும்.

"அதை மாற்றச் சொன்னார், மாற்றியாச்சு" என்று ஏஜென்ட் சேமித்தால் எந்த வெக்டராலும் பயனில்லை. "பில்லிங் சர்வரின் டைம்அவுட்டை 30 நொடியிலிருந்து 90 ஆக்கினோம், பெரிய அறிக்கைகள் பாதியில் அறுந்தன" என்று எழுதினால், பிறகு "ரிப்போர்ட் ஏன் முழுசா வரல?" என்று கேட்டாலும் அது மேலே வரும். ஆகவே சிஸ்டம் பிராம்ப்டில் (ஏஜென்டுக்குத் தரும் நிலையான அறிவுறுத்தலில்) கறாராகச் சொல்லிவிடுங்கள்: ஒரு குறிப்பில் ஒரு செய்தி, காரணத்தோடு. "அது", "அவர்", "நேற்று" கூடாது. பெயரும் தேதியும் வேண்டும்.

சேமிக்க ஒரே ஒரு எஸ்க்யூலைட் (ஒற்றை ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸ்) ஃபைல் போதும். குறிப்பு, தேதி, எங்கிருந்து வந்தது, வெக்டர், வெக்டரை உருவாக்கிய மாடலின் பெயர், உரையின் ஹாஷ் (உரையிலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) ஆகியவற்றுக்குத் தனித்தனி நெடுவரிசை வையுங்கள். 10,000 குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் 384 எண்கள், எண்ணுக்கு 4 பைட் என்றால் மொத்தம் சுமார் 15 எம்பி. நம்பையில் (பைதானின் கணக்கு நூலகம்) கேள்வியின் வெக்டரை எல்லாவற்றோடும் நேராக ஒப்பிட்டாலே வேலை முடிந்தது. இந்த அளவுக்குத் தனி வெக்டர் டேட்டாபேஸ் வீண் சுமை.

பலரும் பழக்கத்தில் எடுக்கும் ஆல்-மினிஎல்எம்-எல்6-வி2 ஆங்கிலத்துக்கான மாடல். தமிழ்க் குறிப்புகளுக்கு மல்டிலிங்குவல்-இ5-ஸ்மால் போன்ற ஒன்று வேண்டும். அதில் கவனிக்க மூன்று. கேள்விக்கு முன்னால் "கொயரி:", குறிப்புக்கு முன்னால் "பாசேஜ்:" என்ற ஆங்கிலச் சொற்களைச் சேர்த்தே அனுப்ப வேண்டும். விட்டால் தரம் இறங்கும். கேள்விக்கும் குறிப்புக்கும் உள்ள நெருக்கத்தைக் காட்டும் மதிப்பெண்கள் பெரும்பாலும் 0.7க்கும் 1க்கும் இடையிலேயே நிற்பதால், 0.7க்கு மேல் எடு என்று வைத்த வடிகட்டியைத் தாண்டி எல்லாமே உள்ளே வந்துவிடும். வரிசையை மட்டும் நம்புங்கள். உரைக்கு வரம்பு 512 டோக்கன் (மாடல் உரையை உடைத்துப் படிக்கும் துண்டு). ஒரு தமிழ்ச் சொல் பல டோக்கன்களாக உடைவதால் நீளமான குறிப்பின் வால் வெட்டுப்படும்.

பொருள்வழித் தேடல் மட்டும் போதாது. பிழை எண், ஃபைல் பெயர், ஆள் பெயர் ஆகியவற்றில் அது தடுமாறும். எஸ்க்யூலைட்டின் எஃப்டிஎஸ்5 சொல்தேடலையும் கூடவே வையுங்கள். ஆனால் அதன் யூனிகோட்61 டோக்கனைசர் (உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) இயல்பாக எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்ளும். புள்ளியும் கொம்பும் காலும் யூனிகோடில் "மார்க்" வகை என்பதால் "சர்வர்" அந்த இடங்களில் துண்டாகிவிடும். டேபிளை உருவாக்கும்போதே கேட்டகரிஸ் அமைப்பில் எம்என், எம்சி என்ற மார்க் வகைகள் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். வேற்றுமை உருபுக்கு ஒரு சின்னத் தந்திரம் உண்டு: கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு "சர்வர*" என்று தேடினால் சர்வரில், சர்வருக்கு, சர்வரின் எல்லாம் அகப்படும். "சர்வர்*" என்றால் இவற்றில் ஒன்றும் வராது.

இரண்டு பட்டியல்களையும் சேர்க்க மதிப்பெண்களைக் கூட்டாதீர்கள், அளவுகோல்கள் வேறு. ஒவ்வொரு பட்டியலிலும் 1/(60 + இடம்) என்று கணக்கிட்டுக் கூட்டுங்கள். ஒன்றில் முதலிடமும் மற்றதில் மூன்றாமிடமும் பெற்ற குறிப்புக்கு 1/61 + 1/63, அதாவது ஏறத்தாழ 0.032. ஒரே பட்டியலில் மட்டும் முதலிடம் என்றால் 0.016தான். மேலே வரும் ஐந்தை, தேதியோடு ஏஜென்டிடம் கொடுங்கள்.

தேதி ஏன்? "கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) வேண்டும்", "கேஷ் வேண்டாம்" இரண்டின் வெக்டர்களும் பக்கத்தில் பக்கத்தில்தான் விழும், எது புதியது என்று தேதிதான் சொல்லும். முடிவு மாறினால் பழைய குறிப்பில் "இதை மாற்றியது எது" என்று புதியதன் எண்ணைப் போட்டு, தேடலிலிருந்து விலக்கிவிடுங்கள். அழிக்க வேண்டாம், ஏன் மாறியது என்று பிறகு கேள்வி வரும்.

உரையைத் திருத்தினால் ஹாஷ் மாறும், வெக்டரையும் புதிதாக்குங்கள். மாடலை மாற்றினால் எல்லாக் குறிப்புகளுக்கும் மறுபடி வெக்டர் எடுத்தாக வேண்டும். மேலே சொன்ன இரண்டு மாடல்களும் 384 எண்களே தருவதால் கலந்துவிட்டாலும் பிழைச்செய்தி எதுவும் வராது, குப்பைதான் வரும். இதைப் பிடிக்க, 30 கேள்விகளையும் அவற்றுக்குரிய குறிப்பு எண்களையும் ஒரு ஃபைலில் வைத்து, எதை மாற்றினாலும் ஓட்டிப் பாருங்கள். முதல் ஐந்துக்குள் சரியானது எத்தனை முறை வந்தது என்பது ஒன்றே கணக்கு.