சிப்ஸை நிறுத்தியாச்சு, சுகர் ஏன் குறையவில்லை?

"எங்க வீட்டுல ஜங்க் ஃபுட்டே கிடையாது" என்று சொல்லும் பல வீடுகளில் அலமாரியைத் திறந்தால் ரஸ்க், மிக்சர், கோதுமை பிஸ்கட், டப்பா ஜூஸ் எல்லாம் இருக்கும். பீட்சா, பர்கர் மட்டும்தான் ஜங்க் என்று பெயரை வைத்து முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. பார்க்க வேண்டியது அளவை. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமைத் தாண்டக் கூடாது. 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்ப்பவர்களும் ஓரிடத்தில் ஏமாறுகிறார்கள். 'ஒரு பரிமாறல்' 20 கிராம் என்று போட்டு அதற்கான கணக்கைக் காட்டியிருப்பார்கள். பாக்கெட்டோ 50 கிராம். அதனால் 100 கிராமுக்கான கட்டத்தையே பாருங்கள். அதில் சோடியம் 800 மில்லிகிராம் என்றிருந்தால் 2.5-ஆல் பெருக்குங்கள்: 2 கிராம் உப்பு. 50 கிராம் பாக்கெட்டைக் காலி செய்தால் 1 கிராம் உள்ளே போய்விட்டது. சாம்பார், ரசம், ஊறுகாய் எதிலும் கை வைக்கும் முன்பே ஒரு நாள் உப்பில் ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்தது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டே ஆகவேண்டும்.

சேர்மானப் பட்டியலில் எடை அதிகமான பொருள்தான் முதலில் வரும். நூடுல்ஸ் பாக்கெட்டின் முகப்பில் கேழ்வரகுப் படம் போட்டிருந்தாலும், பட்டியல் மைதாவில் தொடங்கினால் அது மைதா நூடுல்ஸ்தான். லிக்விட் குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் எல்லாம் சீனியின் சொந்தக்காரர்கள். '100 சதவீதப் பழச்சாறு' என்ற வாசகத்தை நீக்கும்படி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் உத்தரவிட்டதை நினைவில் வையுங்கள். வெள்ளைச் சீனிக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை என்று மாறி, டீக்கு இரண்டு ஸ்பூன் தாராளமாகப் போடுவதும் வீண்தான். ரத்தத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்யும்.

குடிப்பதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது இன்னொன்று. 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சீனி உள்ள குளிர்பானத்தை 250 மில்லி குடித்தால் அன்றைய 25 கிராம் அங்கேயே முடிந்தது. மென்று தின்னாததால் வயிறு நிறைந்த உணர்வும் வராது. சோறு வழக்கம்போலத்தான் இறங்கும்.

நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். ராத்திரி பதினொரு மணிக்குப் புரோட்டா, மேலே சால்னா, முடித்துவிட்டு "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று ஒரு ஜிகர்தண்டா. குளிர்ச்சி என்று பெயர் வாங்கித் தந்தது பாதாம் பிசின். ஆனால் டம்ளரை நிரப்புவது சுண்டக் காய்ச்சிய பாலும் சர்பத்தும் ஐஸ்கிரீமும். ஐஸ்கிரீம் வேண்டாம், சர்பத் பாதி போடுங்கள் என்று சொல்லி வாங்கலாம், ஒன்றை இரண்டு பேர் பகிரலாம். மைதாவில் அலாக்சான் இருப்பதால்தான் சுகர் வருகிறது என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்தியை விட்டுவிடுங்கள். அலாக்சான் ஆய்வுக்கூடத்தில் எலிக்கு ஊசி போட்டு நீரிழிவை உண்டாக்கும் பொருள். புரோட்டா தின்று அதனால் மனிதருக்கு நோய் வந்ததாக நிரூபணம் இல்லை. புரோட்டாவின் குறை வேறு: நார்ச்சத்து குறைவு, எண்ணெய் அதிகம், சாப்பிட்ட சூட்டோடு படுக்கை. சால்னாவை மேலே ஊற்றாமல் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுச் சாப்பிட்டாலே எண்ணெயும் உப்பும் கணிசமாகக் குறையும்.

'வீட்டில்தானே சுட்டோம்' என்ற தைரியத்தில் பஜ்ஜி எண்ணெயை நாள்கணக்கில் வைத்திருப்பதும் தவறு. கருத்த எண்ணெயில் புது எண்ணெயைக் கலந்தால் புதியதும் சீக்கிரம் கெடும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில், அது சிதைவதால் உண்டாகும் போலார் சேர்மங்கள் கூடும். 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் விதி. அளக்கும் கருவி வீட்டில் இருக்காது. நிறம் கருத்து, பிசுபிசுத்து, நுரை அடங்காமல், குறைந்த சூட்டிலேயே புகைந்தால் அதன் ஆயுள் முடிந்தது. வடையைச் செய்தித்தாளில் வைத்துப் பிழிவதையும் விட்டுவிடுங்கள்; எண்ணெய் வெளியே போகும், அச்சு மை உள்ளே வரும்.

பிள்ளைகள் விஷயத்தில் பெரிய தவறு, ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்துவது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சீனி அதிகமுள்ள தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இல் விதி வந்தது. ஆனால் 51-ஆவது மீட்டரில் கடை இருக்கத்தானே செய்கிறது? காலையில் சாப்பிடாமல் போன பிள்ளை இடைவேளையில் பாக்கெட்டைத்தான் தேடும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் அந்தக் காலைப் பசியைத்தான் அடைக்கிறது. சாயங்காலப் பசிக்கு வீடுதான் பொறுப்பு. தலைக்கு 50 கிராம் கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போட்டால், மறுநாள் குக்கரில் வைத்து நாலு மணிக்குத் தாளித்துவிடலாம். தாளிக்க ஒரு ஸ்பூன் எண்ணெய், உப்பு கொஞ்சம், தேங்காய்ப்பூ, மாங்காய்த் துண்டு போதும். பிள்ளை பையைக் கழற்றும்போது தட்டு தயாராக இருக்கட்டும். பத்து நிமிஷம் தாமதமானால் கால் கடைப் பக்கம் போய்விடும்.