நெயில் பாலிஷ் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

என் பார்லருக்கு வரும் கல்யாணப் பெண்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்: நிறம் அப்புறம், முதலில் அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட், இந்த ரசாயனங்களில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். அட்டையில் 'த்ரீ ஃப்ரீ' என்று போட்டிருந்தால் இந்த மூன்றும் இல்லை என்று அர்த்தம். சரி, ஆனால் தாலேட்டுக்குப் பதிலாக டிரைஃபீனைல் பாஸ்பேட் சேர்த்திருக்கலாம்; அதையும் தேடுங்கள். பட்டியலே அச்சிடாத குப்பியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஜெல் பாலிஷா? விளக்கொளியில் ஜெல்லை இறுக வைக்கும் டிபிஓ (TPO) என்ற ரசாயனம் இல்லாததா என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பரில் அதைத் தடை செய்துவிட்டது. நல்ல பாலிஷிலும் எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் இருக்கும், மூக்கில் ஏறும் வாசனை அதுதான். அதனால் ஜன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள். விரல் சூப்பும் குழந்தைக்கு எந்தப் பாலிஷும் போடாதீர்கள்.