வெளி வன்தட்டில் தானாக நடக்கும் பேக்கப்: அமைப்பதும் சரிபார்ப்பதும்

ஏழு மாதங்களாக என் கணினியில் பேக்கப் ஒழுங்காக நடந்துவருவதாகவே நினைத்திருந்தேன். வெளி வன்தட்டின் விளக்கு மணிக்கொரு முறை சிமிட்டும்; கடைசியாக நகலெடுத்த நேரத்தைத் திரையும் சரியாகவே காட்டும். ஒரு கட்டுரையின் பாதியைக் கவனக்குறைவாக அழித்து, அப்படியே சேமித்தும்விட்ட நாளில்தான், பழைய பதிப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று வன்தட்டைத் திறந்தேன். என் வேலைக் கோப்புகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. மென்பொருளில் பழுது ஏதும் இல்லை. எந்தக் கோப்புறைகளை அது நகலெடுக்கிறது என்பதை நான்தான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆகவே மற்றப் படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்த ஒரு படியை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது விண்டோஸுடனேயே வரும் ஃபைல் ஹிஸ்டரி. 2012இல் விண்டோஸ் 8உடன் அறிமுகமான இந்த வசதி விண்டோஸ் 11இலும் இருக்கிறது. ஆனால் அதைப் பழைய கண்ட்ரோல் பேனலுக்குள் சென்றுதான் எடுக்க வேண்டும். செட்டிங்ஸில் ‘விண்டோஸ் பேக்கப்’ என்று காணப்படுவது ஒன்டிரைவ் என்னும் இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்புவதற்கானது என்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வன்தட்டுடன் இலவசமாகக் கிடைக்கும் பேக்கப் மென்பொருள்களை நான் நிறுவுவதில்லை. அவற்றுள் சில, நகல்களைத் தமக்கே உரிய வடிவத்தில் கட்டிவைப்பதால், மீட்கும் நாளில் அதே மென்பொருளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். ஃபைல் ஹிஸ்டரியோ கோப்புகளைக் கோப்புகளாகவே வைக்கிறது. வேறொரு கணினியில் செருகினாலும் திறந்து படிக்கலாம். விண்டோஸையும் நிறுவிய மென்பொருள்களையும் இது நகலெடுக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேக் வைத்திருப்பவர்களுக்கு டைம் மெஷின் போதும். அவர்கள் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை.

முதல் படி, வன்தட்டைத் தயார்செய்வது. காக்க வேண்டிய கோப்புகளின் அளவைப்போல் இரண்டு மடங்காவது இடம் இருக்கட்டும். 1 டெராபைட் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை விண்டோஸ் 931 ஜிபி என்றே காட்டும். தயாரிப்பாளர் ஆயிரங்களில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024களில் எண்ணுகிறது, அவ்வளவுதான். புதிய வன்தட்டாக இருந்தால் அதன்மீது வலது சொடுக்கி, ஃபார்மட்டில் என்டிஎஃப்எஸ் முறையைத் தேர்ந்தெடுக்கவும். அதில் ஏற்கெனவே உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், பழைய வன்தட்டானால் முதலில் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளவும்.

இரண்டாவது படி. கண்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து, ‘செலக்ட் டிரைவ்’ வழியாக வன்தட்டைத் தேர்ந்தெடுத்து, ‘டர்ன் ஆன்’ பொத்தானை அழுத்தவும்.

மூன்றாவது படி, ‘அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்’. மணிக்கொரு முறை நகலெடுப்பதே இயல்பான அமைப்பு. 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்றும் மாற்றலாம், நான் மாற்றவில்லை. ஆனால் பழைய பதிப்புகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற இடத்தில் ‘ஃபார்எவர்’ என்று இருப்பதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வன்தட்டு நிறைந்தவுடன் பேக்கப் நின்றுவிடும். இடம் தேவைப்படும்வரை வைத்திருக்கச் சொல்லும் ‘அன்டில் ஸ்பேஸ் இஸ் நீடட்’ என்பதே என் தேர்வு.

இனி, என்னை ஏமாற்றிய படி. ஃபைல் ஹிஸ்டரி கணினி முழுவதையும் நகலெடுப்பதில்லை. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் போன்ற லைப்ரரிகளையும் (விண்டோஸ் ஒரே பெயரின்கீழ்ச் சேர்த்துக் காட்டும் கோப்புறைகள்), டெஸ்க்டாப், கான்டாக்ட்ஸ், ஃபேவரிட்ஸ் ஆகியவற்றையும் மட்டுமே எடுக்கிறது. என்னைப்போல் வேலைக் கோப்புகளையெல்லாம் டி டிரைவில் தனிக் கோப்புறை போட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஏறத்தாழ வெறுமையாகக் கிடக்கும் டாக்குமென்ட்ஸ்தான் மணிக்கொரு முறை பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டுக்கொண்டிருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது.

இதற்கான தீர்வு எளியது. அந்தக் கோப்புறையின்மீது வலது சொடுக்கி, விண்டோஸ் 11ஆக இருந்தால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ சென்று, ‘இன்க்ளூட் இன் லைப்ரரி’ என்பதில் ‘கிரியேட் நியூ லைப்ரரி’யைத் தேர்ந்தெடுக்கவும். கோப்புறை இருந்த இடத்திலேயே இருக்கும். லைப்ரரிப் பட்டியலில் அதன் பெயர் சேரும், அவ்வளவே. பிறகு ஃபைல் ஹிஸ்டரிக்குத் திரும்பி ‘ரன் நவ்’ அழுத்திவிட்டுக் காத்திருக்கவும். முதல் சுற்றுக்குச் சில மணி நேரம்கூட ஆகலாம். அடுத்தடுத்த சுற்றுகளில் மாறிய கோப்புகள் மட்டுமே போகும்.

முடிந்ததும் திரை சொல்வதை நம்பாமல் வன்தட்டையே திறந்து பாருங்கள். ஃபைல் ஹிஸ்டரி என்ற கோப்புறைக்குள் உங்கள் பயனர் பெயர், அதற்குள் கணினியின் பெயர், அதற்குள் டேட்டா என்று வரிசையாகச் சென்றால், டிரைவ் எழுத்துகளின் பெயரிலேயே கோப்புறைகள் இருக்கும். என் வன்தட்டில் அன்று சி மட்டும் இருந்தது, டி இல்லை. அந்த ஒரு பார்வையை ஏழு மாதங்களுக்கு முன்பே பார்த்திருக்கலாம். உள்ளே ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னும் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி எனப் பதிப்பின் நேரம் ஒட்டியிருக்கும். அது உலகப் பொது நேரம் என்பதால், உங்கள் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லையே என்று திகைக்க வேண்டாம்.

அடுத்து, தேவையற்ற ஒரு கோப்பை வேண்டுமென்றே மீட்டுப் பாருங்கள். ‘ரீஸ்டோர் பெர்சனல் ஃபைல்ஸ்’ சாளரத்தின் அடியிலுள்ள அம்புகளால் பழைய தேதிகளுக்குச் சென்று, நடுவில் உள்ள பச்சை வட்டத்தை அழுத்தினால் கோப்பு பழைய இடத்துக்கே வந்துவிடும். அங்கே இப்போதுள்ள கோப்பும் வேண்டுமென்றால், பற்சக்கரக் குறியிலுள்ள ‘ரீஸ்டோர் டு’ மூலம் வேறிடத்தில் இறக்கிக்கொள்ளலாம்; நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்.

வன்தட்டை இரவும் பகலும் செருகியே வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் நுழைந்தால், செருகியிருக்கும் பேக்கப்பையும் சேர்த்தே பூட்டும். வேலை முடிந்ததும் முறைப்படி வெளியேற்றிக் கழற்றிவிடுகிறேன்; மறுநாள் செருகியதும் விட்ட இடத்திலிருந்து தானே தொடர்கிறது.

பின்சேர்க்கை: இதைப் பின்பற்றிய ஒருவருக்கு டாக்குமென்ட்ஸிலேயே பாதிக் கோப்புகள் நகலாகவில்லை. அவருடைய டாக்குமென்ட்ஸ் ஒன்டிரைவுக்குள் மாற்றப்பட்டிருந்தது; மேகக் குறியிட்ட கோப்புகள் கணினியில் இல்லாமல் இணையத்தில் மட்டுமே இருப்பதால், ஃபைல் ஹிஸ்டரி அவற்றை எடுப்பதில்லை. அந்தக் கோப்புறையில் வலது சொடுக்கி ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, மேகக் குறி பச்சை டிக்காக மாறும்வரை காத்திருந்து, பிறகு ‘ரன் நவ்’ அழுத்தவும்.