கப்பைத் திருப்பிப் பாருங்கள்: எடை குறைக்க யோகர்ட் வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டு ஐஸ்பெட்டியைத் திறந்து காட்டினார். மேல் தட்டு முழுக்க ஸ்ட்ராபெரி யோகர்ட், எட்டு கப் இருக்கும். அரசாங்கக் கிளினிக்கில் எடையைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள், இனிப்புநீர் வருகிற எல்லையில் இருக்கிறீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து காலையில் தோசையை விட்டுவிட்டு இரண்டு கப் யோகர்ட்தான் சாப்பிடுகிறார். ஆறு வாரம் ஆகியும் ஒரு கிலோகூட இறங்கவில்லை. "நான் எங்கம்மா தப்பு பண்றேன்?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர், உழைப்புக்கு அஞ்சாதவர், சொன்னதைச் செய்கிறவர். அவர் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான், கப்பின் முன்பக்கத்தை நம்பினார்.

நாங்கள் அந்தக் கப்பைத் திருப்பினோம். பின்னால் சத்து அட்டவணையில் 'கூலா', அதாவது மலாயில் சீனி, என்ற வரி, 100 கிராமுக்கு 13 கிராம் என்று போட்டிருந்தது. கப் 140 கிராம், ஆக ஒரு கப்பில் 18 கிராம். இது எல்லாமே கொட்டிய சீனி இல்லை, பாலிலேயே லாக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு, சாதாத் தயிரில் அது 100 கிராமுக்கு நாலைந்து கிராம் இருக்கும், அந்தக் கப்புக்கு ஏழு கிராம் என்று தாராளமாகவே கழித்துக்கொள்வோம். மீதி 11 கிராம் வெளியிலிருந்து சேர்த்தது. ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 4 கிராம். நான் ஒரு தட்டை எடுத்து, மூன்று கரண்டி கொஞ்சம் குறைவாகச் சீனியை அதில் போட்டேன். அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "தேத்தண்ணில சீனிய நிறுத்தி ஒரு வருசமாச்சும்மா" என்றார். காலையில் இரண்டு கப் என்றால் 22 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியில், சேர்க்கும் சீனியை ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்துக்கொண்டால் கூடுதல் நல்லது என்று சொல்கிறது. அக்கா எட்டு மணிக்குள்ளேயே கிட்டத்தட்ட முழுக் கணக்கையும் முடித்துவிடுகிறார், அதுவும் உடம்புக்கு நல்லது என்று நினைத்து.

அதனால் முதல் வேலை, கப்பைத் திருப்புவது. அட்டவணையில் இரண்டு பத்தி இருக்கும், ஒன்று ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கு, இன்னொன்று 100 கிராமுக்கு. 100 கிராம் பத்தியையே பாருங்கள், அப்போதுதான் சின்னக் கப்பையும் பெரிய டப்பாவையும் ஒப்பிட முடியும். 'கூலா' வரி 5, 6 என்று இருந்தால் அது பாலின் சொந்தச் சர்க்கரை, கவலை இல்லை. பால் மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய சாதா வகையில் 7 வரைகூடப் போகும், பரவாயில்லை. 10, 12, 14 என்று ஏறினால் கரண்டிக் கணக்கு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் சேர்மானப் பட்டியல். நம் நாட்டில் எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. பால், பால் மாவு, தயிர்க் கிருமி, இவ்வளவோடு பட்டியல் முடிந்தால் அது தயிர். இரண்டாவது மூன்றாவது இடத்திலேயே 'கூலா' வந்துவிட்டால் கீழே வையுங்கள். அதே சீனி வேறு பெயரிலும் வரும், 'சிராப் குளுகோசா', 'ஃப்ருக்டோசா', 'மாடு' என்று. மலாயில் மாடு என்றால் தேன், கேட்க நன்றாக இருக்கும், கணக்கில் அதுவும் சீனிதான். 'கான்ஜி' என்று இருந்தால் மாவுச்சத்து, நம்முடைய கஞ்சிதான் மலாய்க்குப் போய் அப்படி ஆனது. தயிரைக் கெட்டியாகக் காட்டுவதற்குச் சேர்ப்பார்கள்.

அடுத்து, கொழுப்பு குறைந்தது என்ற எழுத்து. எடை குறைக்க நினைக்கிற எல்லாரும் இதில்தான் விழுகிறார்கள், எனக்கு இதைப் பற்றித்தான் அதிகம் ஆதங்கம். கொழுப்பை எடுத்துவிட்டால் தயிர் நீர்த்துப்போகும், ருசியும் போய்விடும், அதை ஈடுகட்டப் பழ வகைகளில் சீனியும் மாவும் ஏறும். கணக்கைப் பாருங்கள். முழுக் கொழுப்புப் பாலில் உறைந்த சாதாத் தயிர் 100 கிராமில் சுமார் 60 கலோரி. கொழுப்பு குறைந்த பழ யோகர்ட் 100 கிராமில் பெரும்பாலும் 100 கலோரியை ஒட்டி வரும். கொழுப்பைப் பார்த்துப் பயந்து கலோரியைக் கூட்டிக்கொள்கிறோம். கொழுப்பு குறைந்த சாதாத் தயிர் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், அதில் குறையில்லை. சாதா என்ற சொல்தான் முக்கியம், கொழுப்பு குறைந்தது என்பது அதற்குப் பிறகுதான்.

சிலர் சுகாதார அமைச்சின் 'பிலிஹான் லெபே சிஹாட்' (கூடுதல் ஆரோக்கியமான தேர்வு) முத்திரையைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு கூடையில் போடுவார்கள். 2017-ல் வந்த நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முத்திரை ஒரு பொருளை அதே வகைப் பொருள்களோடு ஒப்பிட்டுத் தரப்படுவது. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அது சொல்லவில்லை. முத்திரை இருந்தாலும் கப்பைத் திருப்புங்கள்.

சீனியைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள்கூடப் புரதத்தைப் பார்ப்பதில்லை. காலையில் சாப்பிட்டது பதினோரு மணி வரை தாங்குமா, இல்லை ஒன்பதரைக்கே ரொட்டி சானாய் தேடுவோமா என்பதில் புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சாதாத் தயிரில் 100 கிராமுக்கு மூன்றரை கிராம் புரதம். தண்ணீரை வடித்துச் செய்யும் கிரீக் யோகர்ட்டில் 9, 10 கிராம் வரை இருக்கும். இதிலும் ஒரு பொறி உண்டு. சில டப்பாக்களில் கிரீக் 'பாணி' என்று மட்டும் போட்டிருப்பார்கள், வடிக்காமல் மாவோ ஜெலட்டினோ கிரீமோ போட்டுக் கெட்டியாக்கியிருப்பார்கள். கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும், புரதம் பார்த்தால் 4 கிராம். கெட்டியை நம்பாதீர்கள், புரத வரியை நம்புங்கள். தேங்காய்ப்பால் யோகர்ட்டும் இப்போது வருகிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஒரு வழி, ஆனால் பெரும்பாலும் புரதம் மிகக் குறைவு, கொழுப்பு அதிகம். எடைக்காக என்றால் அது வேண்டாம்.

அந்தச் சின்னப் பாட்டில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு வாங்கி வைத்துப் பெரியவர்களும் வயிற்றுக்கு நல்லது என்று இரண்டு மூன்று குடிக்கிறோமே, அந்தப் புளித்த பால் பானங்கள். நல்ல கிருமி அதில் இருக்கிறது, உண்மைதான், ஆனால் அதை யோகர்ட் கணக்கில் சேர்க்காதீர்கள், அது இனிப்புப் பானம். 2019 ஜூலையில் சீனி பானங்களுக்கு வரி வந்தபோது 100 மில்லிக்கு 5 கிராம் சீனி என்பதைத்தான் அரசாங்கம் கோடாக வைத்தது, பால் பானங்களுக்கு 7. அந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பசார் மாலாமில் கப்பில் அடைத்து விற்கும் 'டாடே' தயிரே இல்லை, பாலும் சீனியும் சேர்த்துக் கட்டியாக்கிய இனிப்பு. மாமாக் கடை மாம்பழ லஸ்ஸியும் அப்படித்தான், தயிர் கொஞ்சம், சீனி அதிகம்.

சரி, சாதாத் தயிர் வாங்கியாகிவிட்டது. அதன் மேல் என்ன போடுகிறோம்? சாதா புளிக்கிறது என்று ஒரு மேசைக்கரண்டி தேன் ஊற்றினால் 60 கலோரிக்கு மேல், கடையில் வேண்டாமென்று வைத்துவிட்டு வந்த சீனியை வீட்டில் நாமே ஊற்றிக்கொள்கிறோம். கிரானோலாவும் கையளவு போட்டால் யோகர்ட்டைவிட அது கனமாகிவிடும். இனிப்பு இல்லாமல் இறங்காது என்பவர்கள் பப்பாளி நாலு துண்டு, இல்லை கொய்யா நறுக்கிப் போடுங்கள். நாக்கு பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், அது வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் தயிர்ச்சோறு. தயிர் நல்லது என்று சொன்னதும் மதியம் குழம்பு, பிறகு ரசம், கடைசியில் தயிர் ஊற்றி இன்னொரு கை சோறு. அங்கே ஏறுவது தயிரால் இல்லை, சோற்றால். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. தயிருக்கென்று தனியாகச் சோறு போடாமல், போட்ட சோற்றிலேயே கடைசிப் பங்கைத் தயிருக்கு ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் வெள்ளரிக்காய் பச்சடியாகச் செய்து கரண்டியால் சாப்பிடுங்கள். மத்தியான வெயிலுக்கு நீர்மோர் போல ஒன்று கிடையாது, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ஒரு துளி பெருங்காயம். உப்பை மட்டும் பார்த்துப் போடுங்கள், ஊறுகாயையும்தான், இரத்தக்கொதிப்பு இருக்கிறவர்கள் கூடுதலாகவே.

இவ்வளவு படித்துக் கடையில் தேடுவதற்குப் பதில் வீட்டிலேயே உறைய வைக்கலாமே என்றுதான் நான் அக்காவிடம் சொன்னேன். அவர் அம்மா லயத்தில் இருந்தபோது பின்னால் இரண்டு மாடு, தினமும் பானையில் தயிர். தாமான் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. எங்கள் பக்கம் இன்னும் மோட்டாரில் பால் கொண்டுவந்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் கடைப் பால் போதும், ஆனால் அது பால்தானா என்று பாருங்கள். டின்னில் 'சூசு' என்று எழுதியிருந்தால் பால், 'கிரிமர்' என்று இருந்தால் பெரும்பாலும் செம்பனை எண்ணெய் சேர்ந்தது, 'கிரிமர் மானிஸ்' என்றால் சீனியும் சேர்ந்தது. தேத்தண்ணிக்குப் பழகிப்போய் அதிலேயே உறை ஊற்றிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

மாட்டுப்பால் என்றால் நன்றாகப் பொங்கக் காய்ச்சுங்கள். கிருமி சாவதற்காக மட்டும் இல்லை, நன்றாகச் சுட்ட பாலில் மோர்ப்புரதம் மற்றப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், தயிர் கெட்டியாக வரும், வடிக்கும்போது தண்ணீரோடு போகாது. விரல் வைத்தால் சூடு பொறுக்கிற அளவுக்கு ஆறியதும் ஒரு கரண்டி சாதாத் தயிர் கலந்து மூடிவையுங்கள். நம் ஊர்ச் சூட்டுக்கு ஐந்தாறு மணி நேரம் போதும். இரவு முழுக்க வெளியே விட்டால் புளித்துவிடும், புளித்தால் சீனி தேடும், அதனால் உறைந்ததும் ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். புரதம் கூட வேண்டுமென்றால் சுத்தமான வேட்டித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, கீழே ஒரு பாத்திரத்தோடு ஐஸ்பெட்டிக்குள்ளேயே நாலு மணி நேரம் விடுங்கள். பாதியாகச் சுண்டி வரும், புரதமும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், கொழுப்பும் அப்படியே, அதனால் வடிப்பதற்குக் கொழுப்பு குறைந்த பால் எடுங்கள், இல்லையென்றால் சின்னக் கிண்ணத்தோடு நிறுத்துங்கள். வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சப்பாத்தி மாவு பிசைய அருமையாக இருக்கும்.

இனி எதிர்பார்ப்பு. யோகர்ட் சாப்பிட்டால் எடை கரையும் என்று காணொளிகளில் சொல்வதை நம்பி ஏமாற வேண்டாம். 2011-ல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஒரு லட்சத்து இருபதாயிரம் பேரின் உணவையும் எடையையும் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். யோகர்ட்டைக் கூட்டிக்கொண்டவர்களுக்கு, தினமும் ஒரு பங்கு கூடுதலாக என்ற கணக்கில், நான்கு வருடத்தில் 370 கிராம் அளவுக்கு எடை குறைவாக இருந்தது. அவ்வளவுதான், அதுவும் யோகர்ட்தான் காரணம் என்று அந்த வகை ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியாது. தயிர் உதவி செய்யும், தினமும் இரண்டு தே தாரேக்கையும் இரவு பதினோரு மணி மீ கோரேங்கையும் அதனால் ஈடுகட்ட முடியாது. அக்கா செய்ததுபோல மற்றச் சாப்பாட்டை விட்டுவிட்டு யோகர்ட் மட்டும் சாப்பிடுவதும் தவறு, பத்து மணிக்குப் பசி எடுத்து முறுக்கு டின்னைத் திறப்போம், அந்த முறுக்கு யார் கணக்கிலும் வராது.

ஒன்றை மறக்காமல் சொல்கிறேன். சிறுநீரகத்தில் கோளாறு என்று சொல்லப்பட்டவர்கள் இங்கே படித்ததை வைத்துக் கெட்டித் தயிரைக் கூட்ட வேண்டாம், அதில் புரதமும் பாஸ்பரசும் உங்களுக்குக் கணக்கு. கிளினிக்கில் உணவு ஆலோசகரைக் கேட்டு அளவு வாங்கிக்கொள்ளுங்கள். இனிப்புநீர் மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்களும் சாப்பாட்டை மாற்றும் முன் அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அக்கா இப்போது காலையில் ஒரு தோசை, சாம்பார், ஒரு கிண்ணம் வீட்டுத் தயிரில் வெள்ளரிக்காய். மிச்சமிருந்த ஸ்ட்ராபெரி கப்களைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். அவர்களுக்கும் அதே மூன்று கரண்டிதானே அக்கா என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சேர்த்து நாளைக்குப் பால் ஒரு லிட்டர் கூட வாங்க வேண்டும் என்றார்.