பழைய சியோனா, ஐ5-ஆ?

திருகோணமலையில் கல்யாண வீடியோ எடிட் பண்ணக் கணினி தேடுகிறவர்கள், கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகு) எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பழைய வொர்க்ஸ்டேஷன் (கனமான வேலைக்கான கணினி) வாங்கிவிடாதீர்கள். சியோன் என்பது சர்வர், வொர்க்ஸ்டேஷன்களுக்கான இன்டெல் பிராசஸர்; 2016இல் வந்த சியோன் ஈ5-2680 வி4இல் 14 கோர் உண்டு. உச்ச வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ்தான். இன்டெல்லின் சாதாரண டெஸ்க்டாப் பிராசஸரான ஐ5-12400இல் 6 கோர், ஆனால் 4.4 வரை போகும், ஒவ்வொரு கிளாக் சுற்றிலும் கூடுதல் வேலையும் முடிக்கும். டைம்லைனை இழுத்துப் பார்க்கும்போது வித்தியாசம் கையிலேயே தெரியும். கமராக்களில் வரும் எச்.264, எச்.265 வீடியோக் கோப்புகளை, ஐ5இன் உள்ளிருக்கும் கிராபிக்ஸின் வீடியோ பகுதியான குவிக் சிங்க் தாங்கிக்கொள்ளும். சியோனுக்குக் கிராபிக்ஸ் கார்டு தனியாக வாங்க வேண்டும். பெயரின் கடைசியில் ‘எஃப்’ உள்ள 12400எஃப்-க்கும் அப்படித்தான்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் சிபியு (பிராசஸர்) ரெண்டர், பல விர்ச்சுவல் மெஷின் (ஒரே கணினிக்குள் ஓடும் தனித்தனிக் கணினிகள்), 128 ஜிபிக்கு மேல் ரேம் என்றால் சியோன் எடுங்கள். ஆனால் அதன் ரெஜிஸ்டர்ட் ரேமை (சர்வர் வகை ரேம்) பிறகு சாதாரண டெஸ்க்டாப் போர்டில் போட முடியாது.

பாவித்தது வாங்கினால், பிராசஸரைச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை 10 நிமிடம் ஓடவிட்டு, வேகம் விழுகிறதா பாருங்கள். விழுந்தால் பெரும்பாலும் பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே பூசிய பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது ஹீட்சிங்கில் தூசி அடைத்திருக்கும். உப்புவெளி, நிலாவெளி போன்ற கடற்கரைப் பக்கம் பாவித்ததென்றால், உப்புக்காற்றில் ரேம் ஸ்லொட்டில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் டோர்ச் அடித்துப் பாருங்கள்.